பல்லும் பசுமரமும்

மனித உடலில் மிகக் கடினமான பொருள் பல்லின் மேலுறையாகிய எனாமல் ஆகும். எலும்பு முறிந்தால் கூடும்; தோல் கிழிந்தால் வளரும். எனாமல் அழிந்து குழி விழுந்தாலோ, மீண்டும் வளர்வதில்லை. இத்துணை வலிய உறையை அழிப்பவை கண்ணுக்குப் புலனாகாத சிற்றுயிர்களே.

ஹாலந்து நாட்டின் டெல்ப்ட் நகரில் வாழ்ந்த துணி வணிகர் லீவன்ஹூக் என்பவர், 1683ஆம் ஆண்டில் தம் பல்லிடுக்கிலிருந்த வெண்ணிறப் படிவைச் சுரண்டி எடுத்து, தாமே செய்த உருப்பெருக்கியால் நோக்கினார். சிற்றுயிர்கள் பல அதில் துள்ளித் திரிந்தன. பிற்காலத்தார் அவற்றைப் பாக்டீரியா என அழைத்தனர். 1924ஆம் ஆண்டில் கிளார்க் என்னும் அறிஞர், சொத்தைப் பற்களிலிருந்து ஸ்டிரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்னும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். அது நாம் உண்ணும் சர்க்கரையிலிருந்து பசை ஒன்றை ஆக்கிப் பல்லில் ஒட்டிக்கொள்கிறது. அச்சர்க்கரையையே அமிலமாகவும் மாற்றுகிறது. அவ்வமிலம் எனாமலைக் கரைக்கிறது.

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி தரும் என்று நம் முன்னோர் கூறினர். இதில் உண்மை உண்டா? தாவரங்கள் பகை கண்டு ஓட இயலாதவை. ஆதலின், கிருமிகளையும் பூச்சிகளையும் தடுக்கும் பொருள்களைத் தம்முள்ளேயே ஆக்கிக்கொள்கின்றன. வேலம்பட்டையின் துவர்ப்புக்குக் காரணம் டானின் என்னும் பொருள். அது புரதத்தைப் பற்றி இறுக்கும் இயல்புடையது. தோல் பதனிட வேலம்பட்டை பயன்படுவதும் இதனாலேயே. பாக்டீரியாவின் புரதங்களையும் பற்றி, அவை பல்லில் ஒட்டுவதைக் குறைக்கிறது. கிராம்பிலுள்ள யூஜினாலும் ஓமத்திலுள்ள தைமாலும் வேறு வகையில் வேலை செய்கின்றன. அவை பாக்டீரியாவின் மெல்லிய உறையைச் சிதைத்து, உள்ளிருப்பவற்றைக் கசியச் செய்கின்றன.

அங்ஙனமாயின், இவற்றின் சாற்றால் வாயைக் கொப்புளித்தால் போதாதோ? போதாது. இதற்கும் லீவன்ஹூக்கே சான்று. பல்லிலிருந்து எடுத்த படிவைக் காடியில் கலந்தபோது சிற்றுயிர்கள் மடிந்தன. ஆனால், வாயிலேயே காடியை வைத்துக் கொப்புளித்தபோது, படிவின் மேற்புறத்தில் இருந்தவை மட்டுமே மடிந்தன. உள்ளே இருந்தவை பிழைத்தன. பசைப்படலம் அவற்றுக்கு அரணாக விளங்கியது. ஆய்வுக்கூடத்துக் குப்பியில் பாக்டீரியாவைக் கொல்லும் சாறு, வாயினுள் அவ்வளவு வெற்றி பெறாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே, முதலில் அரணைத் தகர்த்தல் வேண்டும். மென்று நாராக்கிய குச்சியோ தூரிகையோ, தேய்த்தலே அதனைச் செய்யும். மரத்தின் சாறு அதற்குத் துணை நிற்கும். காலையும் இரவும் பல் துலக்குங்கள், இனிப்பைக் குறையுங்கள். இழந்த எனாமலை எம்மரமும் மீட்டுத் தராது; உள்ளதைக் காப்பதே அறிவுடைமை.