கூண்டுக் கோழிக்கு ஒரு மூலை

பெடாஸ் தோட்ட லயங்களில் கோழி வளர்த்தவர்களுக்குத் தெரியும்: முட்டையிடும் நேரம் வந்தால் பெட்டை மூலை தேடும், பழைய கூடையைக் கண்டால் அடங்கி உட்காரும். கம்பிக் கூண்டுக் கோழிக்கு அந்த மூலை கிடையாது. அதற்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் ஓர் ஏ4 தாளைவிடக் குறைவு. இறக்கை விரிக்கவோ மண்ணில் புரளவோ வழியில்லை. ஐரோப்பிய ஒன்றியம் இத்தகைய வெறுங்கூண்டுகளை 2012-லேயே தடை செய்துவிட்டது.

இதற்கு உணவகங்களை ஏன் கேட்க வேண்டும்? சந்தையில் காசுக் கணக்குப் பார்க்கும் இல்லத்தரசியிடம் கேட்பது நியாயமில்லையே! 2022 இறுதியில் முட்டைக்குத் தட்டுப்பாடு வந்து, நாமக்கல் முட்டை இங்கு வந்து இறங்கியதை யார் மறந்தார்கள்? 2025 ஆகஸ்டு முதல் விலைக் கட்டுப்பாடும் இல்லை. பல கிளைகள் நடத்தும் உணவகமோ மொத்தமாக வாங்குகிறது. கொட்டகையை மாற்றப் பண்ணைக்காரர் பணம் போட வேண்டுமானால், முட்டை விற்கும் என்ற உறுதி வேண்டும். அதை எழுத்தில் தரக்கூடியது அந்த உணவகம்தான். அமெரிக்காவில் மெக்டோனல்ட்ஸ் 2015-இல் பத்தாண்டுத் தவணை சொல்லி, அதற்கு முன்பே மாறிவிட்டது.

கூண்டில்லா முட்டை என்றதும் வெளியில் மேய்ந்த கம்பத்துக் கோழி என்று எண்ண வேண்டாம். கொட்டகைக்குள்தான், ஆனால் நடக்க இடம், அமரக் கொம்பு, முட்டையிடப் பெட்டி உண்டு. விலை கூடும். ஒரு முட்டை ரொட்டிக்கு எத்தனை காசு கூடுகிறது என்பதை உணவகங்களே கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.