அணு உலை உருக்கின் நுண்ணமைப்பும் முறிவும்

தையல் ஊசியொன்றைச் செந்நிறமாகக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டால் அது வளையும். அதனையே மீண்டும் காய்ச்சி உடனே நீரில் அமிழ்த்தினால், வளைக்க முயலும்போது முறிந்துவிடும். இரு நிலைகளிலும் அதிலுள்ள இரும்பும் கரியும் அதே அளவினவே. மாறியது அவை அமைந்துள்ள முறையே. இதனை நுண்ணமைப்பு என்பர். அணு உலையின் அழுத்தக் கலத்தினுடைய ஆயுளும் இதனையே சார்ந்துள்ளது.

அழுத்த நீர் உலைகளில் இக்கலத்தின் சுவர் பெரும்பாலும் சுமார் 20 சென்டிமீட்டர் கனமுள்ள உருக்காலானது. உருக்கு நுண்ணிய மணிகளால் ஆகியது; மணிகளிடையே கார்பைடுத் துகள்கள் விரவியுள்ளன. உஷ்ணநிலை மிகுந்திருக்கையில், துகள்களைச் சுற்றிலும் உலோகம் இழுபட்டு, சிறு குழிகள் தோன்றி ஒன்றுசேர்ந்த பின்னரே முறிவு நிகழும். இதற்கு மிகுந்த ஆற்றல் தேவை. உஷ்ணநிலை தாழ்ந்திருக்கையிலோ, ஒரு துகள் பிளந்தாலே வெடிப்பு மணிகளின் ஊடே விரைந்து பாயக்கூடும். மணிகள் சிறியவையாக இருப்பின், அவற்றின் எல்லைகள் வெடிப்பைத் தடுக்கும்.

உலை இயங்குகையில் நியூட்ரான்கள் சுவரைத் தாக்கி அணுக்களை இடம்பெயர்க்கின்றன. உருக்கில் மாசாகக் கலந்துள்ள தாமிர அணுக்கள், மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் சில பங்கே அளவுள்ள திரள்களாகக் கூடுகின்றன. இவை உலோகம் நெகிழ்வதைத் தடுப்பதால் உருக்கின் உறுதி கூடுகிறது. உறுதி கூடுவது நன்மையே அன்றோ எனத் தோன்றலாம். ஆனால் நெகிழ இயலாத உருக்கு பிளக்கும். முன்பு குளிர்ந்த நிலையில் மட்டுமே காணப்பட்ட நொறுங்குந்தன்மை, இப்போது உயர்ந்த உஷ்ணநிலையிலும் தோன்றுகிறது. விபத்துக் காலத்தில் சூடான கலத்துள் குளிர்நீரைச் செலுத்த நேரிட்டால், இதுவே பேராபத்தாகும்.

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் 1960-இல் இயங்கத் தொடங்கிய யாங்கி ரோ உலை 1991-இல் நிறுத்தப்பட்டது. கலம் எந்த அளவு நொறுங்குந்தன்மை அடைந்துள்ளது என்பதை ஐயமற நிறுவ இயலாமை இதற்கு முக்கிய காரணமாகும். 1992-இல் அதனை நிரந்தரமாக மூட முடிவு செய்யப்பட்டது. மாறாக, ரஷ்யாவின் நொவோவொரோனேஷ் நிலையத்தின் மூன்றாம் உலைக் கலம் 1987-இல் 400 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் காய்ச்சிப் பதப்படுத்தப்பட்டு, இழந்த தன்மையின் பெரும் பகுதியை மீளப் பெற்றது.

இக்காலத்தில் தாமிரம் மிகக் குறைந்த உருக்கையே கலங்களுக்குத் தேர்கின்றனர். மேலும், அதே உருக்கின் சிறு துண்டுகளைச் சுவரைவிட உலைக் கருவுக்கு அண்மையில் வைத்து, குறித்த காலங்களில் வெளியே எடுத்து, ஊசற் சம்மட்டியால் மோதி முறிக்கின்றனர். முறிவதற்குச் செலவான ஆற்றலை அளந்து, சுவர் பிற்காலத்தில் அடையப்போகும் நிலையை முன்னரே அறிகின்றனர்.