சத்தம் வருகிறது, படம் எங்கே?

டிவிடி பிளேயரில் பாட்டு கேட்கிறது. திரை மட்டும் கறுப்பு. உடனே ‘லென்ஸ் போச்சு’ என்று முடிவு கட்ட வேண்டாம். ஏன்?

வட்டில் படத்துக்கும் ஒலிக்கும் தனித்தனிப் பாதை கிடையாது. இரண்டும் சிறுசிறு பொட்டலங்களாகக் கலந்து ஒரே சுருள் தடத்தில் பதிவாகியுள்ளன. 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர்தான் எல்லாவற்றையும் படிக்கிறது. சத்தம் தெளிவாக வந்தால் லேசரும் லென்ஸும் நலம். கோளாறு பெரும்பாலும் படமும் ஒலியும் பிரிந்த பிறகுதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் கேபிள். மஞ்சள் பின் படத்துக்கு. சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கு. தாம்பரம், முடிச்சூர், பள்ளிக்கரணைப் பக்கத்து மழைக்கால ஈரத்தில் பின்னில் களிம்பு ஏறும். மின்சாரத்தை அணைத்து, உலர்ந்த துணியால் துடைத்துச் செருகுங்கள்.

அடுத்து டிவி. புதிய டிவிகள் சிலவற்றில் மஞ்சள் துளை இருக்காது. பச்சைத் துளையில்தான் மஞ்சள் பின்னைச் செருக வேண்டும். ‘ஏவி’ தேர்வாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாவது, பிளேயரின் அமைப்பு. ரிமோட்டில் யாராவது ‘புரோகிரசிவ் ஸ்கேன்’ அழுத்தியிருந்தால், பல பிளேயர்களில் மஞ்சள் வழியே படம் வராது. பழையபடி மாற்றுங்கள்.

படம் உருண்டாலோ நிறமிழந்தாலோ வட்டைச் சந்தேகியுங்கள். அமெரிக்க வட்டு 525 வரி ‘என்டிஎஸ்சி’. நம்முடையது 625 வரி ‘பால்’. பழைய டிவிகள் பலவற்றுக்கு முன்னது புரியாது.

வேறு கேபிள், வேறு டிவியிலும் படம் வரவில்லையென்றால் பழுது உள்ளே. மூடியை நீங்கள் கழற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். மெக்கானிக்கிடம் ‘சத்தம் வருகிறது’ என்பதை மறக்காமல் சொல்லுங்கள்; லென்ஸ் செலவு மிஞ்சும்.