மாரி வருகிறது, வீட்டில் என்ன ஆயத்தம்?

ஐப்பசி பிறந்துவிட்டால் கிழக்குக் கரையில் காற்றின் திசை மாறத் தொடங்கிவிடும். கச்சான் காற்றில் காய்ந்து வெடித்துக் கிடந்த வளவுகள், வாடை திரும்பியதும் குளிரத் தொடங்கும். கடற்றொழில் செய்யும் குடும்பங்களிலும் வயல் விதைக்கும் குடும்பங்களிலும் பிறந்த சகோதரிகளுக்கு இதை நாம் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் நகரத்து வீடுகளில் மாரி என்றால் பிள்ளையின் புத்தகப் பையில் குடையை வைக்க மறக்காதிருப்பது என்ற அளவுக்குச் சுருங்கிப் போயிருந்தது. 2025 நவம்பரில் வந்த டித்வா சூறாவளி அந்த நினைப்பை மாற்றிவிட்டது.

நமது நாட்டில் ஒக்டோபர், நவம்பர் இரண்டும் பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மாதங்கள். காலையில் நல்ல வெயில், பின்னேரத்தில் இடியும் மின்னலும். இதே காலத்தில்தான் வங்காள விரிகுடாவின் சூடான நீர் தாழமுக்கங்களுக்குத் தீனி போடுகிறது. கடல் மேற்பரப்பு ஏறக்குறைய 26.5 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக இருந்தால் அவை வலுப்பெற்றுச் சூறாவளியாக மாற வழியுண்டு. டிசம்பர் தொடங்கி பெப்ரவரி வரை வடகிழக்குப் பருவ மழை. அம்மழை ஓய்ந்து வானம் தெளியும் இரவுகளில் குளிர் இறங்கும். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி மாத விடியற்காலைகளில் புல்லின் மேல் உறைபனி படிவதும் உண்டு.

எல்லாச் சூறாவளியும் ஒரே விதமாகக் கொல்வதில்லை. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் காற்றுத்தான் எமன். கூரைகள் பறந்தன, தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன, 900க்கும் மேற்பட்டோர் மாண்டனர். டித்வாவில் நடந்தது வேறு. காற்றை விட மழையே நாசம் செய்தது. கடலைக் கண்டே இராத மலையக ஊர்களில் மண்சரிவு வீடுகளை மூடியது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. ஆகவே, "நாங்கள் கரையோரத்தில் இல்லையே" என்று மாவனல்லையிலோ அக்குறணையிலோ இருக்கும் ஒரு சகோதரி ஆறுதல் கொள்ள இடமில்லை.

மலைச்சரிவில் வீடு இருந்தால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையின் நிறங்களை அறிந்து வையுங்கள். மஞ்சள் என்றால் விழிப்பு. செம்மஞ்சள் என்றால் புறப்பட ஆயத்தம். சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். சுவரில் புதிய வெடிப்பு, கதவு திடீரென இறுகி அடைபடாமல் போவது, மரங்கள் சாய்வது, ஊற்று நீர் திடீரெனக் கலங்குவது அல்லது வற்றுவது ஆகியவை தென்பட்டால் அறிவித்தல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பகல் முழுவதும் வீட்டில் இருப்பவர் நீங்கள். இவற்றை முதலில் காணக்கூடியவரும் நீங்களே.

இங்கேதான் மனம்விட்டுப் பேச வேண்டிய விடயம் ஒன்று இருக்கிறது. 1991 ஏப்ரலில் பங்களாதேஷைத் தாக்கிய சூறாவளியில் ஆண்களை விடப் பெண்களே மிக அதிகமாக இறந்தனர். 2004 சுனாமியில் நமது அம்பாறைக் கரையோரத்திலும் பெண்களும் சிறுவர்களுமே கூடுதலாகப் பலியாகினர். காரணங்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். பிள்ளைகளைக் கூட்டிச் சேர்ப்பது யார்? நடமாட முடியாத மாமியாரைத் தூக்குவது யார்? கணவர் கடையிலிருந்து வரட்டும், அவரிடம் கேட்டுவிட்டு இறங்குவோம் என்று வாசலில் நிற்பது யார்? அந்நிய ஆண்கள் நிறைந்த பாடசாலை மண்டபத்தில் எப்படித் தங்குவது, மலசலகூடத்துக்கு எப்படிப் போவது என்று கூச்சப்பட்டே வெள்ளம் முழங்காலுக்கு வரும்வரை இருந்துவிடுபவர்களும் உண்டு.

உயிரைக் காப்பது மார்க்கத்தில் முதன்மையான கடமை. எனவே, மழை தொடங்குமுன்பே வீட்டில் பேசி முடிவெடுங்கள்: "எச்சரிக்கை வந்தால் உங்களைக் காத்திராமல் பிள்ளைகளோடு இன்ன இடத்துக்குப் போய்விடுவேன்." இந்த ஒரு வசனத்துக்கு இப்போதே கணவரின் சம்மதத்தைப் பெற்றுவிட்டால், அந்த இரவில் தொலைபேசி வேலை செய்யாவிட்டாலும் கவலையில்லை. கதவருகே ஒரு பையில் அபாயாவும் முந்தானையும் மாற்றுடையும் இருக்கட்டும். தேசிய அடையாள அட்டைகள், பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், விவாகப் பதிவு, காணி உறுதி என்பவற்றைப் பொலித்தீனில் சுற்றி அதிலேயே வையுங்கள். மருந்து, டோர்ச், பால்மா, மாதவிடாய்த் துணிகளையும் மறக்க வேண்டாம். பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை: வெள்ள நாட்களில் நீங்கள் சமைத்துக் கொடுக்கும் சோற்றுப் பார்சலுக்கு நன்றி. ஆனால் பெண்களுக்கெனத் தனியான ஒரு மறைவிடமும் மலசலகூடமும் ஒழுங்கு செய்தால், பல குடும்பங்கள் நேரத்தோடு வெளியேறும்.

2024 நவம்பர் 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில் நடந்ததை எந்தத் தாயும் மறந்திருக்க மாட்டார். மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகளை ஏற்றிய உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. ஓடும் நீர் இரண்டடி உயர்ந்தாலே பெரும்பாலான கார்களைத் தள்ளிக்கொண்டு போகும். பிள்ளை விடுதியில் ஓரிரு நாள் கூடுதலாகத் தங்கட்டும் என்று பெற்றோர் சொல்லத் தயங்கவே கூடாது.

இதில் மார்க்கம் நம்மைச் சிரமப்படுத்தவில்லை. குளிரும் மழையுமான இரவுகளில், உங்கள் தங்குமிடங்களிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று அறிவிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் முஅத்தினைப் பணித்ததை இப்னு உமர் (ரழி) அறிவித்திருக்கிறார்கள். கடும் குளிர் இரவொன்றில் குளிப்புக் கடமையான அம்ர் இப்னுல் ஆஸ் (ரழி) அவர்கள், குளித்தால் உயிருக்கு ஆபத்து என அஞ்சித் தயம்மும் செய்து தொழுததை நபியவர்கள் கண்டிக்கவில்லை. எனவே, இளைப்பு நோயுள்ள உம்மாவை ஸுபஹுக்குக் குளிர்ந்த நீரில் வுழூச் செய்ய விடாமல் ஒரு கேத்தல் தண்ணீர் சூடாக்கிக் கொடுங்கள். பிள்ளை பெற்றவளின் அறையில் கரிச்சட்டி வைத்து ஜன்னலை இறுக அடைக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். அந்தப் புகையற்ற நஞ்சு வாயுவுக்கு மணமும் கிடையாது, தாயும் சேயும் உறக்கத்திலேயே போய்விடக்கூடும்.

வெள்ளம் வடிந்த பின்னரும் வேலை இருக்கிறது. பிரதான மின் ஆளியை ஈரக் கையால் தொடாதீர்கள். பாம்புகள் அலுமாரிக்கடியில் ஒதுங்கியிருக்கும். சேற்றைத் துப்புரவாக்கும்போது காலில் காயம் இருந்தால் எலிக்காய்ச்சல் தொற்றலாம். தடுப்பு மருந்து பற்றி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரியுங்கள். சிரட்டையிலும் ஐஸ்கிரீம் கோப்பையிலும் தேங்கிய நீர் ஒரு கிழமைக்குள் டெங்கு நுளம்பை வளர்த்துவிடும். கிணற்றை இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லும் அளவில் குளோரின் இடும்வரை குடிநீரைக் கொதிக்க வைத்தே அருந்துங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. எழுத வாசிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்து, அதைப் பெரிய எழுத்தில் குசினிக் கதவில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.