பழைய கணினிக்குப் புதிய கிராபிக்ஸ் கார்டு அவசியந்தானா?

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட காலத்தில் வரைபலகையும் டீ-ஸ்கொயரும் வகித்த ஸ்தானத்தை இன்று அங்குள்ள பட்டறைகளில் கணினி வகிக்கிறது. அக்கணினிக்கு ஏழெட்டு வயதாகி, வரைபடம் தயங்கித் தயங்கித் திரையில் எழும்போது, "கிராபிக்ஸ் கார்டை மாத்திட்டா சரியாயிடும் சார்" என்று யாரேனும் சொல்ல, மறுநாளே மின்சார ரயிலேறிச் சென்ட்ரலில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. புறப்படுமுன் அந்த யந்திரத்தையே பரிசோதித்துவிடுவது உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

அன்றாட வேலையை நடத்திக்கொண்டே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். ஜி.பி.யு. 100 சதவீதத்தை ஒட்டி நிற்க, பிராசசர் ஓய்வாக இருக்குமாயின், கார்டு மாற்றுவதில் பிரயோஜனம் உண்டு; நிலைமை நேர்மாறாயின் அது வெறும் பண விரயமே. ஆனால் இங்கே ஒரு சூக்ஷ்மம் இருக்கிறது. ஆட்டோகேடு தன் காரியங்களில் பெரும்பாலானவற்றைப் பிராசசரின் ஒரே கோரை நம்பி நடத்துவதால், நான்கு கோர் உள்ள பிராசசர் 25 சதவீதத்திலேயே அசையாமல் நின்றால், அது சோம்பியிருக்கிறது என்று கொள்ளலாகாது. ஒரு கோரின் சக்தி முழுவதும் தீர்ந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளமாகலாம். இரு பரிமாண வரைபடம் மட்டுமே போடுகிறவருக்கு எவ்வளவு உயர்ந்த கார்டும் பெரிய அனுகூலம் செய்யாது. இன்னமும் ஹார்ட் டிஸ்க்கில் ஓடும் கணினிக்கு எஸ்.எஸ்.டி. போடுவதும், 4 ஜி.பி. ரேமைக் கூட்டுவதுமே முதல் சிகிச்சை.

முப்பரிமாண மாதிரிகள் செய்கிறவர்களுக்கும், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துக் கல்யாண வீடியோ ஸ்டுடியோக்காரர்களுக்கும், விளையாட்டில் பிரியமுள்ள பிள்ளைகளுக்கும் கார்டு மெய்யாகவே உதவும். அவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது மின்சக்தியை. மதர்போர்டின் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தரக்கூடியது 75 வாட், ஜி.டி.எக்ஸ். 1650 போன்ற கார்டு அதற்குள் அடங்கும். அதற்கு மேற்பட்டவற்றுக்கு எஸ்.எம்.பி.எஸ்.-இலிருந்து 6 பின் அல்லது 8 பின் வயர் தனியே வரவேண்டும். அலுவலகங்களில் கழித்து விற்கப்படும் ஒல்லிக் கேபினெட்டுகளில் இந்த வயரும் இராது, முழு உயரக் கார்டுக்கு இடமும் இராது. தகரக் கூரையின் கீழே சித்திரை வெயிலில் உழைக்கும் கேபினெட்டில், கார்டு கக்கும் உஷ்ணம் வெளியேறவும் மார்க்கம் வேண்டும்.

புதிய கார்டு என்பதனாலேயே அது பழைய போர்டில் பூரண பலம் காட்டிவிடாது. 2022-இல் வந்த ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. நான்கே தடங்களை உபயோகிப்பதால், மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் வேகம் குன்றுகிறது. அதே ஆண்டு செப்டம்பரில் எதீரியம் நாணயத்துக்கான மைனிங் முடிவுற்றபின், இரவுபகலாக அதற்கென உழைத்த கார்டுகள் பழைய சரக்காகச் சந்தைக்கு வந்தன. அவ்விதக் கார்டைக் கடையிலேயே அரைமணி நேரம் முழு வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்காமல் வாங்கலாகாது.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் நின்றுவிட்டது. இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்திய பிராசசர்களை, மிகச் சிலவற்றைத் தவிர, விண்டோஸ் 11 அங்கீகரிப்பதில்லை. ஆதலால் அத்தகைய கணினிக்குக் கார்டு வாங்குகிறவர், நாளை கழற்றி அடுத்த கணினியில் மாட்டத்தக்கதையே தேர்ந்து, எஸ்.எம்.பி.எஸ்.-ஐயும் அவ்வாறே வாங்கி, இரண்டின் பில்லையும் வாரண்டிக் காலம் முடியும்வரை பத்திரப்படுத்துவாராக.