கோயில் காளை: விடுதல் என்னும் வழக்கு பற்றிய ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

கட்டுண்ட உயிரைக் கட்டவிழ்த்து விடுதலால் நன்மை பெருகும் என்னும் நம்பிக்கை ஆசிய நாடுகள் பலவற்றில் காணப்படுகின்றது. சீனத்திலும் தாய்லாந்திலும் பௌத்த சமயத்தார் பறவை, மீன், ஆமை முதலியவற்றை விலை கொடுத்து வாங்கி விடுவிப்பர். தமிழகத்தில் இவ்வழக்கம் பெரும்பாலும் காளை, ஆடு, சேவல் ஆகியவற்றைப் பற்றியே நிகழ்கின்றது. நோய் நீங்கவும், மகப்பேறு வாய்க்கவும், இறந்தார் நற்கதி அடையவும், ஊர் செழிக்கவும் ஒரு விலங்கைத் தெய்வத்தின் பெயரால் விடுதல் உண்டு. அவ்வாறு விடப்பெற்ற காளை, ‘கோயில் காளை’ என்றும் ‘கோயில் மாடு’ என்றும் வழங்கப்பெறும்.

இவ்வழக்கத்தைக் குறித்துப் பேசுங்கால் விடுவோனின் வேண்டுதலையே முதன்மையாகக் கருதுதல் இயல்பு. நாம் ஈண்டு விடப்பட்ட விலங்கின் பக்கம் நின்று நோக்க விரும்புகின்றோம். விடப்பட்ட விலங்கு யாருடையது? அதனைப் பேணும் கடன் யாரைச் சார்ந்தது? அதன் முடிவு யாது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காணுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விசாரம் ஆகிய ஊர்கள் அமைந்த பாலாற்றுப் பகுதியை நிலைக்களனாகக் கொள்கின்றோம். முன்னர் வேலூர் மாவட்டமாக ஒன்றியிருந்த இப்பகுதி 2019-இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களாகப் பிரிக்கப்பெற்றது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இன்று திருப்பத்தூர் மாவட்டத்தைச் சார்ந்தவை. தை மாதத்தில் மாட்டை வழிபடும் வழக்கமும், ஆண்டு முழுவதும் மாட்டின் தோலைப் பதனிடும் தொழிலும் ஒருங்கே நிகழும் நிலம் இது. ஆதலின், தெய்வத்திற்கு என விடப்பட்ட விலங்கு பிற விலங்குகளினின்று எவ்வாறு வேறுபடுகின்றது என்பதை அறிதற்கு இந்நிலம் மிகவும் ஏற்றது.

2. விடுதலும் நேர்தலும்

‘விடு’ என்னும் வினையடி தமிழில் பரந்த பொருளுடையது. விடுதல் என்பது நீங்குதல், கைவிடுதல், அனுப்புதல், கட்டவிழ்த்தல் ஆகிய பொருள்களைத் தரும். விடுதலை இதனின்று பிறந்தது. முதனிலை நீண்டு ‘வீடு’ என நின்று பற்றற்ற பேற்றையும் உணர்த்தும். கைவிடுதலாகிய இழிநிலையையும் வீடாகிய உயர்நிலையையும் ஒரே அடிச்சொல் சுட்டுவது ஈண்டு உளங்கொளத்தக்கது. விலங்கை விடும் வழக்கத்திலும் இவ்விரு நிலைகளும் அடங்கியிருத்தலைப் பின்னர்க் காண்போம்.

‘நேர்தல்’ என்பது உடன்படுதல், வாக்களித்தல், காணிக்கையாகக் கொடுத்தல் என்னும் பொருளது. ‘நேர்த்திக்கடன்’ என்னும் தொடரில் கடன் என்னும் சொல் வெளிப்படையாகவே நிற்கின்றது. விடுதல் ஒருவன் தன் உரிமையை நீக்கிக்கொள்ளுதலைக் குறிக்க, நேர்தல் அவ்வுரிமையைப் பிறிதொருவர்க்கு உடைமையாக்குதலைக் குறிக்கும். பேச்சு வழக்கில் இவ்விரண்டும் இணைந்து ‘நேர்ந்து விடுதல்’ என ஒரு தொடராயின.

மக்கள் வழக்கிலுள்ள மரபுத்தொடர்கள் இவ்வேறுபாட்டை நன்கு காட்டுகின்றன. வேலையின்றித் திரிபவனைக் ‘கோயில் மாடுபோல் திரிகின்றான்’ என்பர். ‘நேர்ந்து விட்ட ஆடு’ என்று சொல்லும்போதோ, கேட்பவர் உள்ளத்தில் வேறொரு நினைவும் எழும், அவ்வாடு திருவிழா நாள் வரை விருப்பம்போல் மேயும், அந்நாளில் பலியாகும். அதன் விடுதலை தவணையிட்ட விடுதலை. திருத்த இயலாத மகனைத் ‘தண்ணீர் தெளித்து விட்டாயிற்று’ என்று பெற்றோர் கூறுவதும் உண்டு. நீர் வார்த்துக் கொடுத்தலும் நீர் தெளித்து விடுதலும் உரிமை நீக்கத்தின் அடையாளங்கள். அச்சடங்கின் சாயலே இத்தொடரில் படிந்துள்ளது என்று கருதலாம். இங்கு விடுதல் என்பது பொறுப்பைத் துறத்தல் என்னும் பொருளை அடைந்துவிட்டது.

பலியைப் பொறுத்தவரை அரசும் தலையிட்டதுண்டு. சென்னை மாநிலத்தில் 1950-இல் விலங்கு, பறவைப் பலியைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 2003-இல் அதனைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த அரசு முற்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது. 2004-இல் அச்சட்டம் நீக்கப்பெற்றது.

3. மீட்டல்: நடுகல்லும் காப்பியமும்

கட்டுண்ட மாட்டை விடுவிக்கும் செயல் இந்நிலத்திற்குப் புதியதன்று. நிருபதுங்கவர்மனின் 26ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்த ஆம்பூர் நடுகற்கள் அவ்வூரை ஆமையூர் எனக் குறிக்கின்றன. நுளம்பனின் படை தொறுக் கொள்ள வந்தபோது பொருது பட்ட வீரர்க்காக அவை நடப்பெற்றன. தொறு என்பது ஆநிரை. செங்கம் பகுதியிலும் தொறு மீட்டுப் பட்ட வீரர் கற்கள் பல கிடைத்துள்ளன. கவரப்பட்ட நிரையை மீட்டல் அறமாகவும், அதன்பொருட்டு உயிர் நீத்தல் வழிபாட்டிற்குரியதாகவும் கருதப்பட்டமைக்கு இக்கற்கள் சான்று.

எனினும், மீட்டலோடு வீரனின் கடமை முடியவில்லை. தொல்காப்பியர் வெட்சிக்கு இலக்கணம் வகுக்குங்கால், ஆவைக் கவர்ந்து வருதலைக் கூறியதோடு அமையாது, அதனை ஓம்புதலையும் உடன் கூறினார். பகைவரது ஆவாயினும் கைப்பட்டபின் ஓம்பப்படுதல் வேண்டும் என்பது அவ்விலக்கணத்தின் உட்கிடை என்க.

மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் வரலாறு இக்கருத்தை மேலும் விளக்குகின்றது. பிறந்தவுடன் கைவிடப்பட்ட அக்குழவியை ஏழு நாள் பாலூட்டிக் காத்தது ஓர் ஆ. வளர்ந்தபின் அவன் வேள்விக்கெனக் கட்டப்பட்டிருந்த ஆவை இரவில் அவிழ்த்துக்கொண்டு சென்றான், அகப்பட்டுத் துன்புற்றான், ஊரால் விலக்கப்பட்டான். அதன்பின் மதுரையில் தான் இரந்து பெற்ற உணவைக் காணார், கேளார், கால் முடப்பட்டோர் முதலியோர்க்கு அளித்து வாழ்ந்தான், அமுதசுரபியையும் பெற்றான். உயிரை விடுவித்தவனே உயிர்களை உண்பிப்பவனாகவும் ஆகின்றான். விடுத்தலும் ஊட்டலும் ஓர் அறத்தின் இரு கூறுகள் என்பதே இக்கதை அமைப்பால் நாம் பெறும் கருத்து.

4. வடநூல் மரபும் கல்வெட்டு மரபும்

இறந்தார்பொருட்டுக் காளையை விடும் சடங்கை வடமொழியாளர் விருஷோத்ஸர்க்கம் என்பர். கிருஹ்ய சூத்திரங்களிலும் விஷ்ணு ஸ்மிருதியிலும் இது கூறப்படுகின்றது. விஷ்ணு ஸ்மிருதியின்படி, காளையின் ஒரு பக்கத்தில் சக்கரமும் மறுபக்கத்தில் சூலமும் கொல்லனைக் கொண்டு சூட்டுக்குறியாக இடப்பெறும். பின்னர் இளம் பசுக்களோடு அக்காளை விடப்படும். அக்காளை எந்நீர்நிலையில் நீர் பருகுமோ அந்நீர் முழுதும் முன்னோரைச் சென்றடையும் என்பதும் அந்நூலின் கருத்து. துணைக்குப் பசுவும், பருக நீர்நிலையும் இருக்கும் என்று கொண்டே அந்நூல் சடங்கை வகுத்தமை கருதத்தக்கது.

சூடிடுதல் துன்பம் தருவது என்பதை முன்னோர் அறியாதவரல்லர். அசோகனின் ஐந்தாம் தூண் கட்டளை, குறித்த சில நாள்களில் குதிரைக்கும் எருதுக்கும் சூட்டுக்குறி இடலாகாது என விதிக்கின்றது. முடிசூடி 26 ஆண்டுகள் ஆவதற்குள் 25 முறை சிறைப்பட்டோரை விடுவித்ததாகவும் அதே கட்டளை கூறுகின்றது. விலங்குக்கு அருளலும் கட்டுண்டாரை விடுவித்தலும் ஒரே ஆணையில் இடம்பெற்றன.

தமிழ்நாட்டுக் கோயில் கல்வெட்டுகளில் வேறொரு முறையைக் காண்கின்றோம். சோழர் காலத்தில் நந்தா விளக்கு ஒன்று எரிக்க 96 ஆடுகள் கொடுத்தல் பெருவழக்கு. 90 ஆடுகள் கொடுத்தலும் உண்டு. இவை ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டன. தனித்தனி ஆடுகள் மூத்தும் இறந்தும் போகலாம். ஆனால் குட்டிகளால் நிறைவு செய்யப்பட்டு மந்தையின் எண்ணிக்கை குறையாது நிற்றல் வேண்டும். ஆடுகளை ஏற்ற மன்றாடி நாள்தோறும் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். கொடுத்தவன் பெயரும், ஏற்றவன் பெயரும், கடனின் அளவும் கல்லில் வெட்டப்பெற்றன. இங்குத் தெய்வத்திற்குக் கொடுத்தல் என்பது பேணுவோன் ஒருவனிடம் ஒப்படைத்தலாகவே அமைந்தது. திரியும் காளைக்கு இத்தகைய ஆவணம் இல்லை. ஊரின் மந்தைவெளியும், வீட்டுத் திண்ணையில் வைக்கும் கழுநீரும், இனப்பெருக்கத்திற்கு அக்காளையை ஊர் வேண்டிநின்றமையும் எழுதப்படாத ஆவணமாயின.

5. நீதிமன்றத்தில் கோயில் காளை

விடுதலுக்கும் நேர்தலுக்கும் உள்ள வேறுபாடு 19ஆம் நூற்றாண்டில் நீதிமன்றங்களின் முன் வந்தது. விடப்பட்ட காளையைக் கொண்டு சென்றவன் திருடனாவானா என்பதே வழக்கு. 1880-களில் அலகாபாத் உயர்நீதிமன்றம், சமய வழக்கப்படி உரிமை துறந்து விடப்பட்ட காளை யாருடைய உடைமையும் அன்று. ஆதலின் அதனைக் கொண்டு செல்லுதல் திருட்டாகாது என்று கூறியது. கல்கத்தா உயர்நீதிமன்றமும் 1890-இல் இறந்தார் கடனில் விடப்பட்ட காளையைப் பற்றி இவ்வாறே கருதிற்று. ஏறக்குறைய அதே காலத்தில் சென்னை உயர்நீதிமன்றமோ, கோயிலுக்கு எனக் கொடுக்கப்பட்டுத் திரியும் காளை உடையவரற்ற பொருளன்று; கோயிலின் அறங்காவலர்க்கே அதன்மீது உரிமையும் பொறுப்பும் உண்டு எனத் தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்புகள் தம்முள் முரண்பட்டன என்று கொள்ள வேண்டுவதில்லை. முன்னவை விடுதலைப் பற்றியன. பின்னது நேர்தலைப் பற்றியது. விடப்பட்ட காளையை எவரும் கொண்டுபோகலாம் என்றால், அதனைக் காப்பார் எவரும் இலர் என்பதும் உடன் பெறப்படும். நம் மொழி இரு சொற்களால் உணர்த்திய வேறுபாட்டின் பயனை இங்கு வெளிப்படக் காண்கின்றோம்.

6. தோலும் குறியும்

பாலாற்றுப் பகுதியில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடும் தொழில் நெடுங்காலமாக நடைபெற்று வந்துள்ளது. பிற்காலத்தில் குரோம உப்பால் பதனிடும் முறையும், ஆம்பூரில் காலணித் தொழிலும் பெருகின. தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிர் களைந்தபின், உயிரோடு இருந்தபோது அவ்விலங்கு பட்டன யாவும் தோலின்மேல் தெரியும். நுகத்தடி உராய்ந்த காய்ப்பு, முள் கீறிய வடு, உண்ணி கடித்த புள்ளி, சூடிட்ட தழும்பு ஆகியவற்றைப் பார்த்தே தோலைத் தரம் பிரிப்பர். சூட்டுத் தழும்பு தோலின் தரத்தைக் குறைப்பது. அப்பகுதியை வெட்டி நீக்குதலும் உண்டு.

எனவே, ஊரில் ‘இக்காளை தெய்வத்தினுடையது, தீண்டற்க’ என்று உரைத்த குறியே, தொழிற்சாலையில் குற்றமாக எண்ணப்படுகின்றது. ஒரே குறிக்கு இருவேறு பொருள். குறி இடப்பட்டமையே காப்பாகாது. குறியை மதிக்கும் ஊர் உடனிருக்கும் வரையே அது காப்பு.

இதனாலேயே கோயில் காளையின் இறுதியும் பிற மாடுகளின் இறுதியினின்று வேறுபடுகின்றது. பண்டைச் சிற்றூர்களில் இறந்த மாட்டின் தோல் ஊர்ப்பணி செய்தோர்க்கு உரிய வரும்படியாக இருந்தது. கோயில் காளை இறப்பின், தோலை உரியாது, மாலையிட்டு, மேளத்தோடு கொண்டுசென்று புதைக்கும் வழக்கம் தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றில் உண்டு. தோலுக்கு விலையுண்டு என்பதை நன்கறிந்த மக்கள் அவ்விலையை வேண்டாது மண்ணில் இடுகின்றனர். விடுதல் என்னும் வாக்கு அன்றே முழுமையுறுகின்றது.

இப்பகுதியில் தை, மாசித் திங்கள்களில் நிகழும் எருது விடும் விழாவிலும் ‘விடு’ என்னும் சொல்லே வருகின்றது. தெருவின் இருபுறமும் மக்கள் நிற்க, ஒவ்வொரு காளையாக விடப்பெற்று, குறித்த தொலைவைக் குறைந்த நேரத்தில் கடந்த காளை பரிசு பெறும். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் சல்லிக்கட்டோடு இதனையும் பெயர் சுட்டி அடக்கியது. உச்ச நீதிமன்றம் 2023 மே மாதத்தில் அச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. ஆனால் இது சிறு பொழுதைய விடுதல். ஓடிய காளை அன்று மாலையே தன் தொழுவத்திற்கு மீளும். அதனை ஊட்டி வளர்ப்போன் உளன்.

7. முடிவுரை

இன்று கோயில் காளையைத் தாங்கிய சூழல் மாறிவிட்டது. மேய்ச்சல் நிலங்கள் குறுகின. செயற்கைமுறைக் கருவூட்டல் பரவியபின் பொலிகாளையை ஊர் வேண்டிநிற்கும் நிலையும் குறைந்தது. பாலாற்றுப் பகுதியின் நீர், தோல் தொழிற்சாலைக் கழிவால் கெட்டமை 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் விரிவாகப் பேசப்பட்டுள்ளது. காளை பருகும் நீர் முன்னோரைச் சென்றடையும் என்பது நம்பிக்கையாயின், அந்நீர் எத்தகையது என்று வினவுதலும் அந்நம்பிக்கையின் பாற்பட்டதே ஆகும்.

சட்டமும் இதனையே வேறு சொற்களால் கூறுகின்றது. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடைச் சட்டப்படி, பசியாலும் நீர்வேட்கையாலும் துன்புறும் நிலையில் தக்க காரணமின்றி விலங்கைக் கைவிடுதல் குற்றம். கூண்டுப் பறவையை விலைக்கு வாங்கி விடுவோரும், தம் விலையே அடுத்த பறவையைக் கண்ணியில் வீழ்த்துகின்றது என்பதை எண்ணுதல் வேண்டும். கிளி முதலிய நம் நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடித்தலை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கின்றது.

இதுகாறும் கண்டவற்றால், தமிழ் மரபில் விலங்கை விடுதல் என்பது உரிமையை மட்டும் நீக்கிக்கொண்டு கடனை நீக்காத செயல் என்பது பெறப்படும். கரந்தை வீரன் மீட்டதை ஊர் ஓம்பியது. ஆபுத்திரன் அவிழ்த்தபின் ஊட்டினான். மன்றாடி ஏற்றபின் அளந்தான். ஊர் காளைக்குக் கழுநீர் வைத்தது, இறந்தபின் தோலை வேண்டாது புதைத்தது. பேணுவோர் இன்றி விடுதல் அவ்வழக்கின் தொடர்ச்சியன்று. தண்ணீர் தெளித்து விடுதலே ஆகும். ‘விடு’ என்னும் அடியினின்று வீடும் பிறக்கும், கைவிடுதலும் பிறக்கும். எது பிறக்கும் என்பதை முடிவு செய்வது விடும் நாளில் நிகழும் சடங்கன்று. மறுநாட் காலையில் அவ்விலங்கின்முன் வைக்கப்படும் நீரே என்பது எம் கருத்து.