புண்பட்ட வீரனும் பேயும்

நம் கொக்குவில் ஒழுங்கைகளில் அந்தி சாய்ந்தபின் பேய்க்கதை கேட்டு அஞ்சாத பிள்ளைகள் அரியர். ஆயின், பண்டைத் தமிழ்ப்புலவர் பாடிய பேய் போர்க்களத்துக்கு உரியது. புண்பட்டு வீழ்ந்தும் உயிர் நீங்காத வீரன் சாவுக்கும் வாழ்வுக்கும் இடைப்பட்டவன். காக்கச் சுற்றமில்லாத அவனைப் பேயே காத்தலையும், பேய் நெருங்காவண்ணம் மனைவி காத்தலையும் தொல்காப்பியர் காஞ்சித்திணையிற் கூறுவர். வேப்பிலை செருகி, ஐயவி தூவி, காஞ்சிப்பண் பாடிக் காக்கும் முறையைப் புறநானூற்று 281ஆம் செய்யுளிற் காண்க.

இதனினும் கொடிய நிலை ஒன்றுண்டு. வெண்ணிப் போரிற் கரிகாலனொடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், முதுகிலும் புண்பட்டானாக, உயிரிருந்தும் வீரன் எனத் தன்னை மதிக்க இயலாதவனாய் வடக்கிருந்து மாய்ந்தான். அவனைத் தீண்டியது பேயன்று, நாணமே என்க.

களத்திற் பட்டவனுக்கோ தமிழர் பெயர் பொறித்துக் கல் நட்டு, அவனைத் தெய்வமாக்கினர். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் அறியப்பட்ட நடுகல்லொன்று, கூடலூர் ஆகோளிற் பட்ட தீயன் அந்தவன் பெயரைத் தமிழ்ப் பிராமியில் இன்றும் தாங்கி நிற்கின்றது.

நமக்கு அயலான கோப்பாயிலும் அண்மைப் போரில் மாண்டோர் பெயர் பொறித்த கற்கள் இருந்தன. அவை இடிக்கப்பட்ட நிலத்தில் 2011இல் இராணுவத் தலைமையகம் ஒன்று எழுந்தது. பின்னர்ச் சுற்றத்தார் வீதியோரத்தில் நின்றே விளக்கேற்றினர்.